வாசிப்பும் எங்கள் வகுப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், 1995 ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பின் வாசிப்பு வட்டம் சார்பாக வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை.)



அண்மையில் வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டது எங்கள் வாசிப்பு வட்டத்தைத்தான். தனி ஒருவரை அல்ல. ஆகையால் இது பதினொரு பேர் சேர்ந்து எழுதிய உரை. மேடை ஏறும் பொறுப்பு, இந்தக் கிழமை வைத்தியசாலையில் இரவுக் கடமை இல்லாதவரின் தலையில் விழுந்தது. கருத்துகள் எல்லோருக்கும் பொது. நாக்குத் தடுமாறினால் மட்டும் அது மேடையில் நிற்பவருக்குரியது.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோதுதான் வட்டம் தொடங்கியது. அதுவரை எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒருவர் ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். மிச்சத்தையும் போடச் சொல்லி மற்றவர்கள் கேட்டார்கள். மிச்சத்தை அவர் சூமில் வாசித்தார். இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஆறரைக்குக் கூடுகிறோம். யாழ்ப்பாணத்தில் நால்வர், கொழும்பில் இருவர், லண்டனில் இருவர், ரொறன்ரோவில் இருவர், மெல்பேர்ணில் ஒருவர். ரொறன்ரோக்காரருக்கு அது காலைத் தேநீர் நேரம். மெல்பேர்ண்காரருக்கு இரவு பதினொரு மணி, போர்வையோடுதான் வருவார்.

எங்களுக்கு இரண்டே விதிகள். வாசித்து முடிக்காமல் வருபவரை யாரும் ஏசக்கூடாது. "நல்லாயிருந்தது" என்பதை ஒரு கருத்தாக ஏற்பதில்லை. முதலாவது விதியால் ஆட்கள் தொடர்ந்து வருகிறார்கள். இரண்டாவது விதியால் சில வேளை சண்டையும் வருகிறது.

வாசிப்புப் பழக்கம் எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எங்களுக்கு இரண்டு வயது. 97,000 புத்தகங்கள் என்ற கணக்கை வாய்ப்பாடு போலப் பாடமாக்கி வைத்திருந்தோம். அந்த 97,000 இல் ஒன்றைக்கூட எங்கள் கை தொட்டதில்லை. எங்களுக்கு நூலகம் என்றால் இந்தப் பாடசாலையின் நூலக அறைதான். கிழமைக்கு ஒரு பாடவேளை, ஆளுக்கொரு புத்தகம். ஒன்றை எடுத்தவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசை எப்போதும் ஒழுங்காக நகர்ந்ததில்லை. பொன்னியின் செல்வனின் மூன்றாம் பாகத்தை வாசித்துவிட்டுப் பிறகு முதலாம் பாகத்துக்குப் போனவர்கள் எங்களில் நால்வர். இன்றைக்கும் அவர்கள் கதையை அந்த ஒழுங்கில்தான் சொல்வார்கள்.

1990 இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் வாங்கிக் கட்டாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கை இங்கே இருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பரீட்சைக்குப் படிக்கத்தான் அந்த வெளிச்சம். கதைப் புத்தகத்துக்கு இல்லை. அதனால் கதைப் புத்தகங்களைப் பின்னேரத்து வெளிச்சத்தில், படலையடியில், கிணற்றுக் கட்டில் இருந்து வாசித்தோம். இந்தியச் சஞ்சிகைகள் வரவில்லை. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. கச்சான் சுற்றி வந்த சரையைக்கூட விரித்து வாசித்தோம். பழைய தொடர்கதை ஒன்றின் நடு அத்தியாயம் அதில் கிடைக்கும், முன்னும் பின்னும் நாங்களே கட்டிக்கொள்வோம்.

மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் அப்போது ஊரில் பரவலாக இருந்தன. மலிவு, தடித்த அட்டை, நல்ல கடதாசி. கிர்கிஸ் நாட்டுச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகளை அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஒரு குதிரை லாயத்தைத் துப்புரவாக்கிப் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசிரியரைப் பற்றிய கதை, மரத்தடியில் வகுப்பு நடந்த காலத்தில் எங்களுக்குத் தூரத்துக் கதையாகப் படவில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவைப் பற்றி இந்தச் சபைக்கு விளக்கம் தேவையில்லை. எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகங்களோடு, அந்தக் கிழமை எடுத்த நூலகப் புத்தகங்களும் சைக்கிள் கரியரில் கட்டுப்பட்டுச் செம்மணி தாண்டிப் போயின. அவற்றில் ஒன்று கொடிகாமம், கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று போய்க் கடைசியில் ரொறன்ரோ சேர்ந்தது. நேற்று அது திரும்பி வந்து நூலகப் பொறுப்பாசிரியரின் மேசையில் இருக்கிறது. தண்டப்பணத்தைக் கணக்கிட வேண்டாம் என்று அதிபரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனிக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டத்தில் மூன்று வைத்தியர்கள் இருப்பதால் இதைத் தவிர்க்க முடியாது. "இருட்டில வாசிச்சுக் கண்ணைக் கெடுக்காதை" என்று ஏச்சு வாங்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. மங்கல் வெளிச்சம் கண்ணைக் களைக்கப் பண்ணும், தலையிடி தரும், நிரந்தரமாகப் பழுதாக்காது. அம்மாமார் இங்கே இருந்தால் மன்னிக்க வேண்டும். இப்போது நாற்பது தாண்டிய எங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணின் வில்லை வயதோடு இறுகி, கிட்டப் பார்வைக்கு வளைந்து கொடுக்க மறுக்கிறது. புத்தகம் கை நீளத்துக்குத் தள்ளிப்போகிறது. எங்களில் சிலர் இரண்டு வருடமாகப் பெரிய நாவல்களைத் தொடாமல், "நேரமில்லை" என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்டதும் நேரம் வந்துவிட்டது. பிள்ளைகளின் கண்ணைப் பற்றித்தான் உண்மையான கவலை. கிட்டப்பார்வைக் குறைபாடு கூடிவருகிறது. நாளாந்தம் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடுவது அதைத் தடுக்க உதவும். வாசிக்கும் பிள்ளையையும் பின்னேரம் முற்றத்துக்கு அனுப்புங்கள்.

வைத்தியருக்கு நாவல் வாசிக்க எங்கே நேரம் என்று கேட்கிறார்கள். இரவுக் கடமையின்போது நாவல் சரிவராது. அதிகாலை மூன்று மணிக்கு ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசிப்பதுதான் மிச்சம். அதற்குச் சிறுகதை. ஏ9 வீதியில் பேருந்தில் கொழும்புக்குப் போகும் இரவுகளுக்குக் கைத்தொலைபேசியில் மின்னூல். ஆனால் எங்களுக்கு நேரத்தை விட முக்கியமான கேள்வி வேறொன்று: நாவல் வாசிப்பதால் தொழிலுக்கு ஏதும் உதவி உண்டா?

உண்டு என்றே நினைக்கிறோம். மருத்துவத்தை நாங்கள் ஆங்கிலத்தில் படித்தோம். நோயாளி தமிழில் வருத்தம் சொல்கிறார். "நெஞ்சுக்குள்ள பாரம்", "தலைக்குள்ள ஓடுது", "விறைச்சுப் போனன்", "யோசினை" என்கிறார். இவற்றில் எது இதயம், எது நரம்பு, எது துக்கம் என்று பாடப் புத்தகம் பிரித்துத் தராது. "பிள்ளை ஏங்கிப் போச்சு" என்று ஒரு தாய் சொன்னால், இந்தியத் தமிழ் அகராதியைப் பார்ப்பவர் பிள்ளை எதற்கோ ஆசைப்படுகிறது என்று நினைப்பார். எங்கள் ஊரில் அது திடுக்குற்றுப் பயந்துபோன பிள்ளை. செல்லடித்த இரவைப் பற்றிக் கேட்க வேண்டிய பிள்ளை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதியதன் பெறுமதி எங்களுக்கு விடுதியில் நின்றபோதுதான் விளங்கியது. போரின் உளக் காயத்தைப் பற்றி நோயாளியின் மொழியிலேயே கதைக்க அது வழி காட்டியது. மிச்சச் சொற்களை எங்களுக்குக் கதைகள் தந்தன. ஒரு மனிதர் சுற்றி வளைத்துத்தான் விடயத்துக்கு வருவார், கடைசியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லும் வசனம்தான் அவர் வந்த காரணம் என்பதை நல்ல சிறுகதை வாசித்தவர் பொறுமையாகக் காத்திருந்து கேட்பார். கிளினிக்கில் எண்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்தப் பொறுமை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு கதை.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

எங்கள் வட்டத்தில் சண்டையில்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே எழுத்தாளர் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து, உலகமெல்லாம் வேலை பார்த்து, ரொறன்ரோவில் வசிப்பவர். முதல் தொகுதியான 'அக்கா' 1964 இல் வந்தது. 'மகாராஜாவின் ரயில்வண்டி' தொகுதியை மூன்று மாதம் வைத்து, கூட்டத்துக்கு இரண்டு கதையாகச் சத்தமாக வாசித்தோம். அவரைச் சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும். எங்கே சிரிக்க வேண்டும் என்று முகத்தில் காட்டாமல் சொல்லும் ஊர்ப் பெரியவரின் குரல் அது. லண்டன்காரர் ஒருவருக்கு மட்டும் ஒரு முறைப்பாடு: துன்பத்தையும் இவர் இவ்வளவு மென்மையாகச் சொல்லலாமா என்று. இரவு இரண்டு மணிக்கு விடுதியில் வாசிப்பவர்களுக்கு அந்த மென்மை வேண்டியிருக்கிறது என்று வைத்தியர்கள் மூவரும் பதில் சொன்னோம்.

சயந்தனின் 'ஆதிரை' 2015 இல் வந்த பெரிய நாவல். வன்னி மக்களின் கதை. மலையகத்தில் இருந்து வன்முறைக்குத் தப்பி வந்து வன்னிக் காட்டோரம் குடியேறியவர்களும், போர் கடைசியில் யாருடைய பிள்ளைகளைத் தின்றது என்ற கேள்வியும் அதில் உண்டு. பாத்திரங்கள் கூடிப்போய், ஒருவர் கொப்பியில் குடும்ப மரம் கீறிக் குழுவில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடர்ந்து வாசித்தார்கள். அது குறைதான். ஆனால் இந்த நாவல் எங்களைச் சங்கடப்படுத்திய அளவுக்கு வேறொன்றும் சங்கடப்படுத்தவில்லை. 1995 இற்குப் பிறகு எங்களில் ஆறு பேர் வன்னியில் அகதிகளாக இருந்தோம். யாருடைய முற்றத்தில் படுத்தோமோ, யாருடைய கிணற்றில் அள்ளினோமோ, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று நாங்கள் கேட்கவேயில்லை. யாழ்ப்பாணத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதுதான் எங்கள் கதையாக இருந்தது. எங்களுக்கு இடம் தந்த வீட்டுப் பெண் எங்கள் வயதுதான். அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுடைய கதையை இருபது வருடம் கழித்து ஒரு நாவலில்தான் வாசித்தோம்.

அதன் தொடர்ச்சியாக 1972 இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை எடுத்தோம். எங்கள் ஊரின் சாதிக் கொடுமையைப் பற்றிய நாவலை, எங்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குப் பிறகே கையில் எடுத்தோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஐத்மாத்தவைத் தேடி வாசித்த வீடுகளில் டானியலை யாரும் எடுத்துத் தரவில்லை. ஏன் தரவில்லை என்று அந்த மாதம் நிறையக் கதைத்தோம். சிலர் கூட்டத்தை விட்டு நேரத்தோடு போனார்கள். அடுத்த மாதம் திரும்பி வந்தார்கள்.

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' ஆங்கில நாவல். 2021 இல் புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. கொழும்பில் வசிக்கும் கிரிஷானின் அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. அவன் ரயிலில் கிளிநொச்சிக்குச் செத்தவீட்டுக்குப் போகிறான். சம்பவம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நினைப்பு. ஒரு வசனம் ஒரு பக்கத்துக்கு ஓடும். பாத்திரங்கள் நேரடியாகக் கதைக்கும் உரையாடல் இல்லை. ஐந்து பேர் பாதியில் விட்டார்கள். "ரயில் போய்ச் சேர்ந்தாச் சொல்லுங்கோ" என்று மெல்பேர்ணில் இருந்து செய்தி வந்தது.

வைத்தியர்களுக்கு அந்த நாவலில் பிடித்தது ராணி. போரில் இரண்டு மகன்களை இழந்தவள். ஆழ்ந்த மனச்சோர்வுக்கு மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவள். மின்னதிர்வு என்றதும் சினிமாவில் பார்த்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. இன்று அது மயக்க மருந்து கொடுத்து, தசை தளர்த்தும் மருந்து கொடுத்துச் செய்யப்படும் சிகிச்சை. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், சாக மட்டும் நினைத்துக் கிடக்கும் ஒருவரை அது எழுப்பி உட்காரவைப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். சில காலத்துக்கு ஞாபக மறதி வரலாம் என்பதும் உண்மை. நாவல் இதில் எங்களைக் குழப்பவில்லை. சிகிச்சை எழுப்பி உட்காரவைத்த பிறகும், அந்தத் தாய் எதை நோக்கி எழும்புவது என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு எங்களிடம் மருந்துச் சீட்டு இல்லை. அவருடைய முதல் நாவலை, 'த ஸ்ரோரி ஒவ் எ பிரீவ் மரேஜ்', அடுத்து எடுக்கலாம் என்றார்கள். அது காயப்பட்ட சிறுவன் ஒருவனின் கையை மயக்க மருந்து இல்லாமல் அகற்றும் காட்சியோடு தொடங்குகிறது. எங்களில் ஒருவர் 2009 இல் வவுனியா வைத்தியசாலையில் கடமையில் இருந்தவர். அவர் சில பக்கங்களோடு மூடிவைத்தார். முதலாவது விதி அவருக்காகவே எழுதப்பட்டது போல இருந்தது. நாங்கள் வேறு புத்தகத்துக்குப் போனோம்.

வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. 2023 இல் வெளிவந்து, 2024 இல் பெண்களின் புனைகதைப் பரிசைப் பெற்றது. எழுதியவர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். கதை 1981 யாழ்ப்பாணம். சசிக்குப் பதினாறு வயது, வைத்தியராக வேண்டும் என்பது ஆசை, நாலு சகோதரர்கள். தொடக்கத்தில் கொதிநீர் அவள் மேல் ஊற்றுண்டுவிடுகிறது. அந்த வழியால் வந்த அயல்வீட்டுப் பெடியன் முட்டை உடைத்துப் புண்ணில் ஊற்றுகிறான். அவனும் மருத்துவம் படிக்க விரும்புகிறவன்; பிறகு இயக்கத்துக்குப் போகிறான். முட்டையைப் பற்றி இந்த மேடையில் சொல்லாமல் போக முடியாது: கதையில் நடந்தது கதையோடு இருக்கட்டும், வீட்டில் சுட்டுவிட்டால் முட்டையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு இருபது நிமிடம் பிடியுங்கள், பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

1983 இல் கொழும்பில் மூத்த அண்ணன் கொல்லப்படுகிறார். மற்றச் சகோதரர்கள் ஒவ்வொரு திசையில் போகிறார்கள். சசி யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவியாகிறாள். இயக்கத்தின் வைத்திய நிலையத்தில் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டுகிறாள். எங்களை நிறுத்தி வைத்த இடம் அதுதான். கட்டிலில் கிடப்பவர் யார், என்ன செய்துவிட்டு வந்தார் என்று கேட்காமல் இரத்தத்தை நிறுத்துவது எங்கள் தொழில். ஆனால் இரத்தம் நின்ற பிறகும் நீ கேட்கவே மாட்டாயா என்று நாவல் சசியைக் கேட்கிறது. உடற்கூற்றியல் விரிவுரையாளராக வரும் அஞ்சலி என்ற பாத்திரம் கலாநிதி ராஜினி திராணகமவை நினைத்து எழுதப்பட்டது. அவர் 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர். எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் கற்பித்த அதே பீடத்தில் நாங்கள் மூவரும் பத்து வருடம் கழித்துப் படித்தோம். அவருடைய பெயரை அங்கே தாழ்ந்த குரலில்தான் கேட்டோம். ஒரு நாவலில் அவரைப் போன்ற ஒருவர் சத்தமாகக் கதைப்பதைக் கேட்க எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

குறையும் சொன்னோம். கதை சொல்பவள் அடிக்கடி வாசகரைப் பார்த்து நேரடியாகக் கதைக்கிறாள், விளக்குகிறாள். யாருக்கு இந்த விளக்கம், எங்களுக்கா என்று ஊரில் இருக்கும் நால்வருக்கும் எரிச்சல். ரொறன்ரோவில் இருந்து பதில் வந்தது: "என்ரை மகளுக்கு." அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு இரவில் வாசித்து முடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு அழைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கியதாம். அம்மம்மா அதற்குப் பிறகு மகளிடம், அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, எனக்கும் சொல் என்றார். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் தொலைபேசியில், ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தார் எங்கள் தோழி. அம்மா இடையில் திருத்தினாராம்: அந்த மாதம் அப்படி மழை இல்லை, அந்தச் சந்தியில் சென்றி மற்றப் பக்கம். கடைசியில் சொன்னது: "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறா. உதை ஏன் என்ரை மொழியில எனக்கு முதல் சொல்லேல்லை?"

அந்தக் கேள்வியில் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. தமிழில் எழுதியிருந்தால் ஊரில் இருந்து இப்படி எழுதியிருக்க முடியுமா என்றார் ஒருவர். தமிழில் எழுதியவர்கள் இருக்கிறார்கள், நாங்கள்தான் பரிசு வந்தால் மட்டும் வாசிக்கிறோம் என்றார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் கூட.

மூன்றாவது கூட்டத்தில் நடந்ததை, உரியவரின் சம்மதத்தோடு சொல்கிறோம். எங்களில் ஒருவருக்கு ஒரு அண்ணா இருந்தார். 1995 இற்கு முன்பே வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் கேட்பது ஆபத்து. பிறகு, கேட்காமல் இருப்பது பழகிவிட்டது. அவர் வெளிநாடு போனார், கலியாணம் கட்டினார், பிள்ளைகளைப் பெற்றார். வருடாவருடம் நாங்கள் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினோம். நாவலில் சகோதரர்கள் வீட்டை விட்டுப் போகும் பகுதியைக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவர் தன் பெட்டியில் ஒலியைத் திறந்தார். அண்ணா எப்படிச் செத்தார் என்று அவர் சொல்லவில்லை. அண்ணா தன்னை ரியூசனுக்குச் சைக்கிளில் ஏற்றிப் போனதைச் சொன்னார். வீட்டுக்கு வரும் துப்பறியும் கதைகளைத் தங்கைக்கு முதல் தான் வாசித்துவிட்டு, கொலைகாரனின் பெயரை முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவாராம். சிரித்தோம். பிறகு நெடுநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மெல்பேர்ணில் அப்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது, அவரும் போகவில்லை. அண்ணாவின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக, முப்பது வருடத்துக்குப் பிறகு, அவளுடைய வாயால் கேட்டோம். அதன் பிறகு இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பெயர்களைச் சொன்னார்கள்.

இந்த நாவலைப் பற்றி எங்கள் கருத்து என்ன என்று கேட்டால், பதினொரு பேருக்கும் பதினொரு கருத்து. மறுபடி வாசிப்போம் என்று சொன்னவர்கள் ஏழு பேர்.

இனி நூற்றாண்டோடு தொடர்புள்ள ஒரு நடைமுறை விடயம். வெளிநாட்டுச் சகோதரிகள் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பப் பெரிதும் விரும்புகிறார்கள். தயவுசெய்து, வீட்டில் இடம் அடைக்கும் பழைய கலைக்களஞ்சியங்களைப் பெட்டி கட்டாதீர்கள். கப்பல் கூலிக்கு இங்கே புதுப் புத்தகம் வாங்கலாம். எங்கள் வட்டத்தில் வாசித்த ஈழத்து நூல்களில் பல, நூலக அலமாரியில் ஒரு பிரதிகூட இல்லை. யாழ்ப்பாணத்துப் புத்தகசாலைகளில் அவற்றை வாங்கலாம், அல்லது சொல்லி எடுப்பிக்கலாம். முதலில் நூலகப் பொறுப்பாசிரியரைக் கேளுங்கள்; பிள்ளைகள் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். துப்பறியும் கதையும் ரமணிசந்திரனும் கேட்டால் அதையும் வாங்கிக் கொடுங்கள். நாங்கள் அவற்றில் இருந்துதான் ஆதிரைக்கு வந்தோம்.

அச்சில் கிடைக்காதவற்றுக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் எண்ணிமப்படுத்தி இலவசமாக வைத்திருக்கிறார்கள். டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகையின் இதழ்களை அங்கே வாசிக்கலாம். உங்கள் வீடுகளில் எங்கள் பாடசாலையின் பழைய மலர்கள் இருந்தால், அட்டை போனது, கரையான் அரித்தது என்று எறிந்துவிடாதீர்கள். இடப்பெயர்வில் எது தப்பியது, எது தப்பவில்லை என்று இன்னும் ஒருவரும் முழுதாகக் கணக்கெடுக்கவில்லை. வாசலில் இருக்கும் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்களிடம் எந்த ஆண்டு மலர் இருக்கிறது என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் படம் பிடித்து அனுப்பினாலும் போதும்.

எங்கள் அடுத்த கூட்டம் வழக்கம்போல மாதத்தின் கடைசி ஞாயிறு, இலங்கை நேரம் மாலை ஆறரை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுதியை எடுத்திருக்கிறோம். மற்ற வகுப்பு அக்காமாரும் தங்கைமாரும் வரலாம். சமைத்துக்கொண்டே கேட்பவர்கள் ஒலியை மூடிவிட்டுக் கேளுங்கள். போன முறை குக்கர் விசிலில் ஒரு கதையின் முடிவு போய்விட்டது.